டீச்சர் வயலில் ஒரு குழி

சேற்றில் ஓட்ட எந்த வண்டி நல்லது என்று இன்றும் யாராவது ஃபோன் செய்து கேட்பார்கள். ஏடிவி என்று சொல்கிறோமே, பைக் மாதிரி ஹேண்டில்பாரும் டிராக்டர் மாதிரி பல் வைத்த குண்டு டயருமாக, நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி, அதைப் பற்றித்தான். கேட்பவர்கள் பெரும்பாலும் பண்ணை வீடு வைத்திருப்பவர்கள், ரிசார்ட் நடத்துபவர்கள். வண்டிகளை ஓட்டிப் பார்த்து நல்லது கெட்டது சொல்கிற ஒரு வீடியோ சேனலைத் தஞ்சாவூரில் இருந்துகொண்டு நான் நடத்துகிறேன். அதில் அதிகம் பேர் பார்த்தது இரண்டு ஏடிவிகளைச் சேற்றில் விட்டு ஒப்பிட்ட வீடியோதான். அதைப் பார்த்துவிட்டு யாராவது "சூப்பர் சார்" என்று சொன்னால், உடனே வேறு வண்டிக்குப் பேச்சை மாற்றிவிடுவேன்.

நடந்ததைச் சொல்கிறேன். கும்பகோணத்துப் பக்கம் புதிதாக ஒரு ரிசார்ட் கட்டியவர், விருந்தினர்கள் சேற்றில் ஓட்டி விளையாட ஏடிவி வாங்க நினைத்தார். சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று, இரண்டு கம்பெனி வண்டிகளை விற்பனையாளரிடமிருந்து இரண்டு நாளைக்கு வாங்கி என்னிடம் விட்டார். ஓட்டிப் பார்த்து எது என்று சொல்ல வேண்டும், வீடியோவும் போட்டுக்கொள்ளலாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை ஸ்கூட்டரையும் பழைய காரையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன் நான்.

மணலில், மேட்டில், கல்லில் எல்லாம் ஏடிவி ஓட்டிக் காட்ட நாட்டில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எங்கள் ஊர்ச் சேற்றில் எவனும் காட்டியதில்லை. எங்கள் களிமண் லேசுப்பட்டதல்ல. டயரின் பற்களுக்கு நடுவே அப்பிக்கொண்டால் பல் இருந்த இடமே தெரியாது. டயர் வழவழவென்று மாவு ஒட்டிய குழவி மாதிரி ஆகிவிடும். வேகமாகச் சுற்றினால்தான் மண் தெறித்துப் பல் வெளியே வரும். அந்த மண்ணில் ஓடுகிற வண்டி எந்த மண்ணிலும் ஓடும் என்று கேமரா முன்னால் வீரவசனம் பேச வேண்டும் என்று எனக்கு ஆசை.

புரட்டாசி மாதம். ஆற்றில் தண்ணீர் வந்து, ஊரெல்லாம் சம்பா நடவுக்கு உழுதுகொண்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவரின் ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், சாலையை ஒட்டியே இருந்தது. அதில் ஒரு சேற்று உழவு முடித்து, மடக்கி உழுத புல் மட்குவதற்காகத் தண்ணீர் கட்டி ஒரு வாரம் விட்டிருந்தார்கள். உழுதவர் என் சித்தப்பா. ஊரில் ஒருவருடைய டிராக்டரை இருபது வருடத்துக்கும் மேலாக அவர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் தாத்தாவும் அப்பாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் டிராக்டரில் ஏறி உட்கார்ந்தவர் சித்தப்பா, முதலில் இன்ஜினியரிங் படித்தவன் நான். இந்த இரண்டையும் அவர் ஒரே மூச்சில் எல்லோரிடமும் சொல்வார்.

டீச்சர் அப்போது மகளின் பிரசவத்துக்காகத் திருவாரூர் போயிருந்தார். ஃபோன் செய்து கேட்டிருக்கலாம். கேட்டால் மாட்டேன் என்பார் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. சித்தப்பாவிடமும் சொல்லவில்லை. வெறும் சேறுதானே, பயிரா இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

விடிந்ததும், சாலையில் ஆள் நடமாட்டம் தொடங்குவதற்கு முன்பே, நானும் கேமரா பிடிக்கிற நண்பரும் இரண்டு வண்டிகளையும் வயலில் இறக்கினோம். முதலில் சிவப்பு. அதில் பின்சக்கரம் வழுக்குவதை வண்டியே உணர்ந்து, பிறகுதான் முன்சக்கரத்துக்கு இழுவையைக் கொடுக்கும். அந்த ஒரு நொடித் தாமதத்தில் வண்டியின் பின்பக்கம் மீன் மாதிரி துள்ளும். கனமும் அதிகம். ஆனால் ரேடியேட்டர் மேலே இருப்பதால் சேறு அடைக்கவில்லை, சூடேறவில்லை. அடுத்து பச்சை. எடை குறைவு. அதில் ஒரு சுவிட்ச் உண்டு. அதை அழுத்தினால் நான்கு சக்கரமும் பூட்டிக்கொண்டு ஒன்றாகச் சுற்றும். வரப்போரம் தொடங்கி மறு வரப்பு வரை கத்தி வைத்துக் கீறியது போல நேராகப் போனது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

நண்பர் சொன்னார், "நடுவுல நிறுத்தி எடுத்தா செமையா இருக்கும். நின்ன எடத்துலேர்ந்து கெளம்புதான்னு பாப்போம்."

நிறுத்தினேன். பூட்டினேன். ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். நான்கு சக்கரமும் ஆளுயரத்துக்குச் சேற்றை வாரி அடித்தன. காட்சி பிரமாதம். வண்டி மட்டும் ஓர் அடி நகரவில்லை, நேராகக் கீழே இறங்கியது. நான் விட்டிருக்க வேண்டும். கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் விடவில்லை. இன்னும் முறுக்கினேன். கால் வைக்கிற தட்டு சேற்றுக்குள் போன பிறகு டயருக்கு அடியில் ஏதோ கெட்டியாக உரசி, பிறகு அதுவும் விட்டுக்கொடுத்தது.

அது என்னவென்று எனக்கு அந்த நொடியிலேயே தெரியும். டெல்டாவில் பிறந்த எவனுக்கும் தெரியும். வருஷக்கணக்காக உழுது உழுது, சேற்றுக்கு அடியில் கெட்டியான தரை ஒன்று படிந்திருக்கும். வயலில் தண்ணீர் நிற்பது அதனால்தான். டிராக்டரைத் தாங்குவதும் அதுதான். அந்தத் தரையை உடைத்துவிட்டேன்.

சிவப்பு வண்டியை வரப்பில் நிறுத்தி, அதன் முன்னால் மோட்டாரில் சுருளும் இரும்புக் கயிற்றைப் பச்சைக்கு மாட்டி இழுத்தோம். வண்டி வந்துவிட்டது. குழி இருந்தது. கைவிட்டுப் பார்த்தேன், தோள்வரை போனது. சாலையோரம் கிடந்த வைக்கோலை அள்ளிப் போட்டு அமுக்கினோம். மேலே சேற்றை வாரிப் போட்டுப் பலகையால் தடவினோம். கால் மணி நேரத்தில் தண்ணீர் தெளிந்துவிட்டது. எங்கே குழி இருந்தது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. அப்பாடா என்றிருந்தது.

வீடியோவில் அந்தப் பகுதியையும், எந்த வயல் என்று அடையாளம் தெரிகிற காட்சிகளையும் வெட்டிவிட்டேன். வண்டி புதைந்ததைக் காட்டினால் வயலையும் காட்ட வேண்டும். ஆக, "பச்சை வண்டி சேற்றில் எங்கேயும் நிற்கவில்லை" என்று முடித்தேன். ஓடிக்கொண்டிருக்கும்வரை அது உண்மைதான். நின்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாமல் விட்டேன். ரிசார்ட்காரர் பச்சையில் இரண்டு வாங்கினார்.

வயலில் ஓட்டி நான்கு நாள் கழித்து, காலை பத்து மணி இருக்கும், சித்தப்பாவின் டிராக்டர் டீச்சர் வயலில் புதைந்துவிட்டது என்று ஃபோன் வந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். கடைசி உழவுக்காக இரும்புச் சக்கரம் மாட்டி இறங்கியிருக்கிறார். வலது பின்சக்கரம் முழுதாக உள்ளே போய், டிராக்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. சித்தப்பா இடுப்புவரை சேறாக, மண்வெட்டியால் சக்கரத்தைச் சுற்றி வெட்டிக்கொண்டிருந்தார். வெட்ட வெட்ட மூடிக்கொண்டது. வரப்பில் பத்து இருபது பேர் நின்றார்கள். முந்தின நாள்தான் ஊர் திரும்பியிருந்த டீச்சரும் குடையோடு நின்றார்.

"என்னப்பா இது? நாளைக்கு நடவுக்கு ஆள் சொல்லியிருக்கேன். இத்தனை வருஷமா ஓட்டுற வயல் உனக்குத் தெரியாதா?"

"தெரியலையே டீச்சர். இந்த எடத்துல எப்பவும் கெட்டியாத்தான் இருக்கும்" என்றார் சித்தப்பா.

கூட்டத்தில் ஒருவர் மெதுவாக, ஆனால் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார், "காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்திருப்பாரு." இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சித்தப்பா ஒரு காலத்தில் குடித்தவர்தான். விட்டு ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. அவர் நிமிர்ந்து யார் சொன்னது என்று பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீ இதெல்லாம் படிச்சவன். நீ சொல்லு. நான் எங்க தப்பு பண்ணேன்?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். டீச்சரும். இங்கே நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். எனக்கு வாயும் திறந்தது. ஆனால் வந்தது வேறு.

"திரும்பும்போது கிளட்சைச் சட்டுன்னு விட்டிருப்பீங்க சித்தப்பா. அப்படி விட்டா பின்சக்கரம் ஒரே எடத்துல சுத்திக் குழி பறிச்சிரும்."

கேமரா முன்னால் பேசுகிற அதே குரலில் சொன்னேன். தெளிவாக, காரண காரியத்தோடு. கூட்டம் தலையாட்டியது. சித்தப்பா மண்வெட்டியைச் சேற்றில் ஊன்றினார். பிறகு, "இருக்கும். விட்டிருப்பேன்" என்றார்.

பேசாமல் இருந்திருந்தால்கூட அது கோழைத்தனம் என்று சொல்லிக்கொண்டு போகலாம். நான் பேசினேன். என் தப்பை எடுத்து, படித்த வார்த்தைகளில் சுற்றி, அவர் காலில் கட்டினேன். அவரும் தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வாங்கிக்கொண்டார்.

மறுநாள் பொக்லைன் வந்து டிராக்டரைத் தூக்கியது. தூக்கியதில் குழி இன்னும் அகலமானது. அந்த ஒரு மாவில் அந்த வருடம் தண்ணீர் நிற்கவேயில்லை. எவ்வளவு பாய்ச்சினாலும் இறங்கிக்கொண்டே இருந்தது. மற்ற ஐந்து மாவும் பச்சையாக நிற்க, அது மட்டும் வெளுத்துக் கிடந்ததைச் சாலையில் போகும் எல்லோரும் பார்த்தார்கள், என்ன காரணம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அறுவடைக்கு வந்த இயந்திரக்காரர் அந்தப் பக்கம் இறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அடுத்த சாகுபடிப் பட்டத்துக்கு டீச்சர் வேறு ஊர் டிராக்டரைக் கூப்பிட்டார். பக்கத்து வயல்காரர்களும் அப்படியே.

ஒருநாள் டிராக்டர் நிற்கும் கொட்டகைப் பக்கம் போனேன். இன்ஜின் ஓடவில்லை. சித்தப்பா மேலே உட்கார்ந்து, குனிந்து தன் இடது காலையே பார்த்துக்கொண்டு, கிளட்சை மிதிப்பதும் மெல்ல மெல்ல விடுவதுமாக இருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"எவ்வளவு மெதுவா விடணும் தம்பி? இது சரியா பாரு."

"சரியா இருக்கு சித்தப்பா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வந்துவிட்டேன் என்று இப்போது எழுதுகிறேன். ஓடினேன் என்பதுதான் சரி.

கொஞ்ச நாளில் அவரே டிராக்டர் சொந்தக்காரரிடம் போய், சேற்றுக்கு இனிமேல் நான் வேண்டாம், என் கால் சரியில்லை என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டாராம். இதை எனக்குச் சொன்னவர் என் அப்பா. எனக்குத் தூக்கம் போனது. ஆனால் உண்மையைச் சொல்லும் தைரியம் வரவில்லை. ஒரு பரிகாரம் தோன்றியது. ரிசார்ட்காரரிடம் பேசி, ஏடிவிகளைக் கழுவிப் பராமரிக்கிற வேலையைச் சித்தப்பாவுக்கு வாங்கிக்கொடுத்தேன். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதான் தம்பி எங்களுக்குன்னு இருக்கே" என்றார். அந்தக் கையை நான் உருவிக்கொள்ளவில்லை. நன்றியை வாங்கிக்கொண்டு, காபியும் குடித்துவிட்டு வந்தேன்.

அந்தப் புரட்டாசியிலிருந்து ஏறக்குறைய ஒரு வருடம் இப்படியே போனது. போன ஆவணியில் ரிசார்ட்காரர் வேறொரு வண்டி விஷயமாகக் கூப்பிட்டிருந்தார். பேசி முடித்து வெளியே வந்தால், சித்தப்பா பச்சை வண்டியை மேடையில் ஏற்றித் தண்ணீர்க் குழாயால் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார். ரிசார்ட்டின் பெயர் போட்ட பனியன், கணுக்கால்வரை ரப்பர் பூட்ஸ். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா தம்பி. இந்த வண்டியைப் பத்தி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். ஓடுறவரைக்கும் ராஜாதான். நின்ன எடத்துல முறுக்கினா மட்டும் கெணறு வெட்டிருது. அங்க பாரு, நம்ம ஓட்டுற எடத்துல எத்தனை குழி. கவனிச்சியா?"

"ம்" என்றேன்.

"நல்லவேளை, இதை எவனும் வயல்ல எறக்கலை. எறக்கினான்னா அடித்தரை போச்சு. அப்பறம் அந்த வயல் அவ்வளவுதான்."

என்னைக் குத்திக்காட்டுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. பகிர்ந்துகொள்ள ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில், டயரின் பற்களுக்கு நடுவே விரலை விட்டு மண்ணைத் தோண்டி எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் என்னைச் சந்தேகப்பட்டிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும்.

"நான் எறக்கினேன் சித்தப்பா" என்றேன்.

"எங்க?"

"டீச்சர் வயல்ல. நீங்க கடைசி உழவு ஓட்டுறதுக்கு நாலு நாள் முன்னாடி. நின்ன எடத்துல முறுக்கினேன். தரை ஒடைஞ்சிருச்சு. வைக்கோலைப் போட்டு மூடிட்டு வந்துட்டேன்."

குழாயை மூடினார். நிதானமாக அதைச் சுருட்டிக் கொக்கியில் மாட்டினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"எவ்வளவு ஆழம்?"

"கை தோள்வரைக்கும் போச்சு."

"வலது பக்கம், ரெண்டாவது வரப்புலேர்ந்து உள்ள தள்ளி?"

"ஆமா."

தலையை ஆட்டினார். கணக்குப் போடுபவர் போல ஏதோ முணுமுணுத்தார். பிறகு கேட்டார்.

"அப்ப நான் கிளட்சை விடலையா?"

"இல்ல சித்தப்பா. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. நான் பொய் சொன்னேன்."

பூட்ஸைக் கழற்றி வைத்தார். சூப்பர்வைசரிடம் அரை மணி நேரத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். "வண்டியை எடு. வீட்டுக்குப் போவோம். உங்க சித்திகிட்ட சொல்லணும்" என்றார். நான் முதலில் டீச்சரிடம் போகலாமே என்றேன். "டீச்சர் அப்பறம்" என்றார். பைக்கில் என் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

சித்தி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மதிய நேரத்தில் இருவரும் சேர்ந்து வந்ததைப் பார்த்துப் பயந்து எழுந்தார். சித்தப்பா வீட்டுக்குள் போகவில்லை. வாசலிலேயே நின்று, "என்கிட்ட சொன்னதை அப்படியே இவகிட்ட சொல்லு" என்றார்.

சொன்னேன். இந்த முறை இன்னும் கஷ்டமாக இருந்தது. நான் முடித்ததும் சித்தப்பா அவரிடம், "கேட்டியா?" என்றார். கோபமாக இல்லை. பரீட்சையில் பாஸ் என்று சொல்ல ஓடிவந்த பையன் குரல் அது.

சித்தி என்னைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு, எனக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"ஊரே சொல்லுச்சு, மறுபடியும் ஆரம்பிச்சிட்டார்னு. நானும் நம்பினேன். மாரியம்மன் கோயில்ல கற்பூரம் ஏத்தி அணைக்கச் சொன்னேன். அணைச்சாரு. குடிக்கலைன்னு சத்தியம் பண்ணாரு. அப்பவும் நான் நம்பலை. சாமி முன்னாடியே பொய் சொல்றாருன்னு நெனைச்சேன். ஒரு வருஷமா இந்த மனுஷனுக்குச் சோத்தைத் தட்டுல போட்டுத் தள்ளி வெச்சிருக்கேன்."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சித்தப்பாவின் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா பதறிப்போய்க் குனிந்து அவரை எழுப்பப் பார்த்தார். "விடு, விடு, இப்பதான் தெரிஞ்சிருச்சே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

சாயங்காலம் டீச்சரிடம் போய்ச் சொன்னேன். மறுநாள் காலை டீக்கடையில், டிராக்டர்காரர்கள் எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். ஊர் என்னைத் திட்டியது, காறித் துப்பாத குறை. அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். அன்று மதியம் அந்த வாசலில், மன்னிப்புக் கேட்க வந்த நான் நின்றுகொண்டிருக்க, ஒரு தப்பும் செய்யாத இருவர் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.